எக்ஸெப்ஷனுக்கு யூனிட் டெஸ்ட் எழுதுவது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

யூனிட் டெஸ்ட் (நிரலின் ஒரு சிறு பகுதியைத் தனியாகச் சோதிக்கும் நிரல்) எழுதப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் எல்லாம் ஒழுங்காக நடக்கும் பாதையில்தான் ஆரம்பிப்பார்கள். சரியான உள்ளீட்டைக் கொடுப்பது, சரியான விடை வருகிறதா என்று பார்ப்பது. இதில் குழப்பம் அதிகமில்லை. "தப்பான உள்ளீடு வந்தால் இந்த ஃபங்ஷன் எக்ஸெப்ஷன் எறிய வேண்டும், அதற்கும் ஒரு டெஸ்ட் எழுது" என்று யாராவது சொல்லும்போதுதான் தடுமாற்றம் வருகிறது. எக்ஸெப்ஷன் என்றால், தப்பு நடந்துவிட்டது என்று ஃபங்ஷன் வேலையைப் பாதியில் நிறுத்தி எழுப்பும் அறிவிப்பு.

இந்த வகை டெஸ்டில் ஒரு வில்லங்கம் உண்டு. அது ரொம்பச் சுலபமாகப் பாஸ் ஆகிவிடும். ஃபங்ஷன் எக்ஸெப்ஷனே எறியாவிட்டாலும் பாஸ், வேறு ஏதோ காரணத்துக்காக எறிந்தாலும் பாஸ் என்ற நிலையில் எழுதிவைத்த டெஸ்ட்கள் வருடக்கணக்கில் பச்சையாகவே ஓடிக்கொண்டிருக்கும். அதனால் கீழே வரும் ஒவ்வொரு படியிலும் நாம் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: நிரல் கெட்டுப்போனால் இந்த டெஸ்ட் சிவப்பாகுமா?

உதாரணங்களைப் பைதானின் பைடெஸ்ட், ஜாவாவின் ஜேயூனிட், ஜாவாஸ்கிரிப்டின் ஜெஸ்ட் ஆகியவற்றிலிருந்து எடுத்திருக்கிறேன். நிரல் துண்டுகளை எந்த மொழியிலும் எழுதாமல் வெறும் வடிவமாகத் தமிழில் காட்டியிருக்கிறேன். உங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்வது கஷ்டமாக இருக்காது.

டெஸ்ட் கருவி உள்ளே என்ன செய்கிறது

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் மீதிப் பாதி தானாக விளங்கிவிடும். டெஸ்ட் கருவி உங்கள் டெஸ்ட் ஃபங்ஷனை அழைக்கிறது. அது சத்தமில்லாமல் முடிந்து திரும்பினால் பாஸ். உள்ளிருந்து ஏதாவது எக்ஸெப்ஷன் தப்பி வெளியே வந்தால் ஃபெயில். அவ்வளவுதான். நீங்கள் எழுதும் அஸர்ஷன் ("விடை இதுவாக இருக்க வேண்டும்" என்ற சரிபார்ப்பு) தோற்கும்போது நடப்பதும் இதேதான்: பைதானில் அது அஸர்ஷன்எர்ரர் என்ற எக்ஸெப்ஷனை எறிகிறது, ஜாவாவிலும் ஜெஸ்டிலும் அதற்கு இணையான ஒன்று எறியப்படுகிறது. கருவி அதைப் பிடித்து, சிவப்பு வரியாகக் காட்டுகிறது.

பைதானோடு வரும் யூனிட்டெஸ்ட் நூலகம் இரண்டையும் பிரித்தே காட்டும். அஸர்ஷன் தோற்றால் "ஃபெயிலியர்", எதிர்பாராத வேறு எக்ஸெப்ஷன் வந்தால் "எர்ரர்". பைடெஸ்ட் வேறு மாதிரி பிரிக்கும். டெஸ்டின் உடம்புக்குள் எது வெடித்தாலும் ஃபெயில். டெஸ்டுக்கு முன்னேற்பாடு செய்யும் ஃபிக்ஸ்சரில் வெடித்தால் எர்ரர். ரிப்போர்ட் படிக்கும்போது இந்த வித்தியாசம் உதவும். ஃபிக்ஸ்சரில் எர்ரர் என்றால் நீங்கள் சோதிக்க வந்த ஃபங்ஷனை இன்னும் தொடவே இல்லை என்று அர்த்தம்.

இதிலிருந்து முதல் பழக்கம் கிடைக்கிறது: எதிர்பாராத எக்ஸெப்ஷனை டெஸ்டுக்குள் பிடிக்காதீர்கள். புதியவர்கள் எழுதும் டெஸ்ட்களில் இப்படி ஒன்றைப் பார்க்கலாம்.

> முயற்சி செய்:
>   விடை = கணக்கிடு(10)
>   விடை 20 ஆக இருக்க வேண்டும்
> எந்த எக்ஸெப்ஷன் வந்தாலும் பிடி:
>   "ஏதோ தப்பு" என்று அச்சிடு

பைதானில் இந்த டெஸ்ட் ஒருபோதும் ஃபெயில் ஆகாது. அஸர்ஷன்எர்ரரும் எக்ஸெப்ஷன் வகுப்பின் வாரிசுதான் (அதிலிருந்து உருவான துணை வகுப்பு) என்பதால், விடை 20 ஆக இல்லாவிட்டாலும் அந்தச் செய்தியைக் கீழே உள்ள பகுதி விழுங்கிவிடும். ஜாவாவில் அஸர்ஷன்எர்ரர் "எர்ரர்" என்ற வேறு கிளையில் இருப்பதால் எக்ஸெப்ஷனை மட்டும் பிடித்தால் அஸர்ஷன் தப்பித்துக்கொள்ளும். ஆனால் த்ரோவபிளைப் பிடித்தால் அங்கேயும் இதே கதிதான்.

என்ன செய்யலாம்? ஒன்றும் செய்ய வேண்டாம், விட்டுவிடுங்கள். எக்ஸெப்ஷன் வெளியே போகட்டும். எந்த வரியில், எந்த அழைப்பின் வழியாக வந்தது என்பதைக் கருவியே ஸ்டாக் ட்ரேஸோடு காட்டும். ஜாவாவில் செக்ட் எக்ஸெப்ஷன் (பிடிக்க அல்லது அறிவிக்க வேண்டும் என்று மொழி வற்புறுத்தும் வகை) இருக்கிறதே, கம்பைலர் சண்டைக்கு வருமே என்றால், டெஸ்ட் மெத்தடின் தலைப்பிலேயே "இது எக்ஸெப்ஷன் எறியலாம்" என்று அறிவித்துவிட்டால் போதும்.

எதை எதிர்பார்க்கிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கருவிக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு விஷயங்களை எழுதுங்கள்: எந்த உள்ளீட்டுக்கு எக்ஸெப்ஷன் வர வேண்டும், எந்த வகை எக்ஸெப்ஷன் வர வேண்டும். இதற்குப் பதில் தெரியாவிட்டால் டெஸ்ட் எழுத நேரம் வரவில்லை. ஃபங்ஷனை வடிவமைத்தவரிடம் கேட்கலாம், அது நீங்களே என்றால் உட்கார்ந்து யோசிக்கலாம்.

எல்லா எக்ஸெப்ஷனுக்கும் டெஸ்ட் தேவையில்லை. என் அளவுகோல் இது: ஃபங்ஷன் தெரிந்தே எறிகிற எக்ஸெப்ஷனா, அல்லது அழைப்பவர் பிடித்து ஏதாவது செய்யப்போகிற எக்ஸெப்ஷனா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் டெஸ்ட் எழுதுங்கள். உள்ளே இருக்கும் ஏதோ ஒரு சின்ன ஃபங்ஷனுக்கு நல் கொடுத்தால் நல்பாயின்டர்எக்ஸெப்ஷன் வருகிறது என்பதை எல்லாம் டெஸ்டாக எழுதிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது யாரும் கொடுத்த வாக்குறுதி கிடையாது, மொழி தற்செயலாகச் செய்வது. நாளைக்கு நிரலை மாற்றி எழுதும்போது இந்த மாதிரி டெஸ்ட்தான் காலைப் பிடித்து இழுக்கும்.

எந்த வரி எறிய வேண்டும் என்று கருவியிடம் சொல்லுங்கள்

பழைய நிரல்களில் இந்த வடிவத்தைப் பார்ப்பீர்கள்.

> முயற்சி செய்:
>   வயதை_எடு("-5")
>   ஃபெயில்("எக்ஸெப்ஷன் வரவில்லை")
> வேல்யூஎர்ரர் வந்தால் பிடி:
>   சரி, எதிர்பார்த்ததுதான்

வேலை செய்யும். ஆனால் அந்த ஃபெயில் வரியை எழுத மறந்தால் டெஸ்ட் எப்போதும் பாஸ். மறப்பதும் ரொம்பச் சகஜம். இதைத் தவிர்க்க ஜேயூனிட் 4-இல் டெஸ்ட் குறிப்பிலேயே "இந்த எக்ஸெப்ஷனை எதிர்பார்" என்று எழுதும் வசதி வந்தது. பார்க்க அழகாக இருந்தாலும் அதில் ஒரு ஓட்டை: மெத்தடின் எந்த வரியிலிருந்து அந்த எக்ஸெப்ஷன் வந்தாலும் அது பாஸ் என்று எடுத்துக்கொள்ளும். முன்னேற்பாட்டு வரியில் வெடித்தால்கூட. சி ஷார்ப்பின் என்யூனிட்டிலும் இதே போன்ற குறிப்பு இருந்தது. 3-ஆம் பதிப்பில் அதை எடுத்தே விட்டார்கள். 2017-இல் வெளிவந்த ஜேயூனிட் 5-இல் அஸர்ட்த்ரோஸ்தான் வழி. பிறகு ஜேயூனிட் 4.13-இலும் அது சேர்ந்துகொண்டது.

இன்றைய கருவிகள் எல்லாம் ஒரே யோசனையைத்தான் பின்பற்றுகின்றன: எறிய வேண்டிய வரியை மட்டும் தனியாக ஒரு கட்டத்துக்குள் வைத்துக் கொடுப்பது.

> வேல்யூஎர்ரர் எறியும் என்று எதிர்பார்:
>   வயதை_எடு("-5")

பைடெஸ்டில் இது ரெய்ஸஸ் என்ற வித் தொகுதி. ஜேயூனிட்டில் அஸர்ட்த்ரோஸுக்கு எக்ஸெப்ஷன் வகையும் ஒரு லாம்டாவும் (பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்) கொடுக்க வேண்டும். ஜெஸ்டில் எக்ஸ்பெக்டுக்குள் ஒரு ஃபங்ஷனைக் கொடுத்து டூத்ரோ என்று கேட்க வேண்டும்.

ஜெஸ்டில் எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி: ஃபங்ஷனைக் கொடுப்பதற்குப் பதிலாக அதை அங்கேயே அழைத்துவிடுவது. அப்படிச் செய்தால் எக்ஸ்பெக்ட் ஓடுவதற்கு முன்பே எக்ஸெப்ஷன் வெளியே பறந்துவிடும். அழைப்பைச் சின்ன அம்புக்குறி ஃபங்ஷனுக்குள் பொதிந்து கொடுங்கள். பரவாயில்லை, இந்தத் தப்பு டெஸ்டைச் சிவப்பாக்கிக் கத்திச் சொல்லிவிடும். பயப்பட வேண்டியது அமைதியாகப் பாஸ் ஆகும் தப்புகளுக்குத்தான்.

எதிர்பார்க்கும் தொகுதிக்குள் ஒரே ஒரு வரி இருக்கட்டும். ஆப்ஜெக்டை உருவாக்குவது, தரவைத் தயார் செய்வது எல்லாம் வெளியே. அதே போல, எறியும் வரிக்குக் கீழே அதே தொகுதிக்குள் அஸர்ஷன் எழுதினால் அது ஓடவே ஓடாது. எக்ஸெப்ஷன் வந்ததும் கட்டுப்பாடு வெளியே போய்விடுகிறதே. எழுதியவருக்குச் சோதித்த திருப்தி, டெஸ்டுக்கோ அந்த வரி இருப்பதே தெரியாது. பிடித்த எக்ஸெப்ஷனைப் பற்றிய அஸர்ஷன்கள் தொகுதி முடிந்த பிறகுதான் வர வேண்டும். ஜேயூனிட்டின் அஸர்ட்த்ரோஸ் பிடித்த எக்ஸெப்ஷனையே திருப்பித் தரும். பைடெஸ்டில் வித் வரியில் ஒரு பெயர் கொடுத்து வைத்தால் அதன் வேல்யூ வழியாக எடுத்துக்கொள்ளலாம்.

சரியான எக்ஸெப்ஷன், தப்பான காரணம்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நமது வயதை_எடு ஃபங்ஷன் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எழுத்துச் சரமாக வரும் வயதைப் பைதானின் இன்ட் மூலம் எண்ணாக மாற்றுகிறது. எண் 0-க்குக் கீழே இருந்தால் "வயது எதிர்மறையாக இருக்கக் கூடாது" என்ற செய்தியோடு வேல்யூஎர்ரர் எறிகிறது. இல்லாவிட்டால் எண்ணைத் திருப்பித் தருகிறது. மொத்தம் நான்கு வரி.

இதற்கு ஒருவர் டெஸ்ட் எழுதுகிறார். வேல்யூஎர்ரரை எதிர்பார், வயதை_எடு("- 5") என்று அழை. பாஸ். கமிட்.

கழித்தல் குறிக்கும் 5-க்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்திருப்பதைக் கவனித்தீர்களா? இன்ட் அந்தச் சரத்தை எண்ணாக ஏற்றுக்கொள்ளாது. "செல்லாத எண் வடிவம்" என்று புகார் சொல்லி அதுவே ஒரு வேல்யூஎர்ரரை எறியும். நமது எதிர்மறைச் சோதனை வரிக்கு நிரல் போய்ச் சேரவே இல்லை. அந்த வரியை முழுவதுமாக அழித்துவிட்டு டெஸ்டை ஓட்டுங்கள், அப்போதும் பச்சைதான். வகை சரி, காரணம் தப்பு.

இன்ட் எதை ஏற்கும், எதை ஏற்காது என்பதை மனசுக்குள் ஊகிப்பதும் ஆபத்து. முன்னும் பின்னும் இடைவெளி இருந்தால் ஏற்கும். "1_000" என்பதை ஆயிரம் என்று ஏற்கும். "12.5" என்றால் மறுக்கும். "௧௨" என்று தமிழ் எண்ணில் கொடுத்தால்கூடச் சமர்த்தாக 12 என்று திருப்பித் தரும், நம்பாவிட்டால் ஓட்டிப் பாருங்கள்.

ஜாவாக்காரர்கள் சிரிக்க வேண்டாம், அங்கேயும் இதே பள்ளம் வேறு உருவத்தில் இருக்கிறது. எதிர்மறை வயதுக்கு இல்லீகல்ஆர்கியுமென்ட்எக்ஸெப்ஷன் எறிவது வழக்கம். பார்ஸ்இன்ட் தோற்றால் வருவது நம்பர்ஃபார்மேட்எக்ஸெப்ஷன். பின்னது முன்னதின் வாரிசு. அஸர்ட்த்ரோஸ் வாரிசுகளையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் "- 5" அங்கேயும் டெஸ்டைப் பாஸ் ஆக்கிவிடும்.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் இருக்கின்றன. உங்கள் பிரச்சினைக்கென்று சொந்தமாக ஒரு எக்ஸெப்ஷன் வகுப்பு வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த வழி. தவறானவயது என்று ஒரு வகுப்பு இருந்தால் அதை இன்ட் எறிய வாய்ப்பே இல்லை. அழைப்பவருக்கும் பிடிப்பது சுலபம். இரண்டாவது வழி, செய்தியையும் சேர்த்துச் சரிபார்ப்பது. மூன்றாவது, வாரிசுகளை ஏற்காமல் அதே வகையை மட்டும் கேட்பது: ஜேயூனிட் 5.8 முதல் அஸர்ட்த்ரோஸ்எக்ஸாக்ட்லி இருக்கிறது. ஜாவா உதாரணத்துக்கு இது போதும். பைதான் உதாரணத்துக்கு உதவாது, அங்கே இரண்டும் அச்சு அசலாக ஒரே வகை.

கருவிக்குக் கருவி இதில் நடத்தை மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். பைடெஸ்டின் ரெய்ஸஸ், ஜேயூனிட்டின் அஸர்ட்த்ரோஸ் இரண்டும் வாரிசுகளை ஏற்கும். சி ஷார்ப்பின் எக்ஸ்யூனிட்டிலும் என்யூனிட்டிலும் த்ரோஸ் என்றால் அதே வகைதான் வேண்டும். வாரிசும் பரவாயில்லை என்றால் முன்னதில் த்ரோஸ்எனி, பின்னதில் கேட்ச்.

எல்லாவற்றிலும் மோசமானது, எல்லா எக்ஸெப்ஷனுக்கும் தாயான எக்ஸெப்ஷன் வகுப்பையே எதிர்பார்ப்பது. டெஸ்டுக்குள் ஃபங்ஷன் பெயரில் ஒரு எழுத்துப்பிழை விட்டால் பைதான் நேம்எர்ரர் எறியும். அதுவும் எக்ஸெப்ஷன்தானே, பாஸ்! ஜெஸ்டில் டூத்ரோவுக்கு ஒன்றுமே கொடுக்காமல் விட்டால் இதே நிலைமை. ஃபங்ஷனை அழைக்காமலேயே அதைச் சோதித்துவிட்டதாக ரிப்போர்ட் சொல்லும்.

செய்தியை எவ்வளவு சோதிப்பது

முழு வாக்கியத்தையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாதீர்கள். யாராவது ஒரு காற்புள்ளியைத் திருத்தினால் பத்து டெஸ்ட் உடையும். எதற்காக எறியப்பட்டது என்பதை அடையாளம் காட்டும் ஒரு சொல்லோ மதிப்போ இருந்தால் போதும். நமது உதாரணத்தில் "எதிர்மறை" என்ற சொல்.

பைடெஸ்டின் மேட்ச், நீங்கள் கொடுப்பதை ரெகுலர் எக்ஸ்பிரஷனாக (எழுத்து வடிவத்தை விவரிக்கும் குறியீடாக) எடுத்துக்கொண்டு செய்தியில் எங்காவது இருக்கிறதா என்று தேடும். அதனால் செய்தியில் அடைப்புக்குறியோ புள்ளியோ இருந்தால் அவற்றுக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். ஆர்இ நூலகத்தின் எஸ்கேப் வழியாக அனுப்புங்கள். ஜெஸ்டில் வெறும் சரம் கொடுத்தால் அது செய்தியின் ஒரு பகுதியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். பைதானின் கீஎர்ரரில் ஒரு விசித்திரம்: அதைச் சரமாக மாற்றினால் சாவியைச் சுற்றி மேற்கோள் குறிகளும் சேர்ந்தே வரும். தெரியாமல் ஒப்பிட்டால் அரை மணி நேரம் திரையை முறைத்துக்கொண்டிருக்க நேரிடும்.

மொழியோ வேறொரு நூலகமோ எழுதும் செய்தியை ஒப்பிடவே வேண்டாம், பதிப்பு மாறினால் அது மாறலாம். சொந்த எக்ஸெப்ஷன் என்றால் செய்தியை விட்டுவிட்டு அதில் ஒரு பண்பாக மதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். தவறானவயது எக்ஸெப்ஷனின் கொடுத்த_மதிப்பு -5 ஆக இருக்கிறதா என்று கேட்பது, வாக்கியத்துக்குள் -5 தேடுவதைவிட எவ்வளவோ மேல்.

எறிந்த பிறகு வீடு எப்படி இருக்கிறது?

எக்ஸெப்ஷன் வந்ததா என்று பார்த்ததோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான பக்குகள் பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும்.

ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தொகை மாற்றும் ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். முதல் கணக்கில் 1000 இருக்கிறது. 300-ஐ முதல் கணக்கில் கழித்து, இரண்டாவது கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டாவது கணக்கு முடக்கப்பட்டிருந்தால் கணக்குமுடக்கம் என்ற எக்ஸெப்ஷன் வரும்.

> முதல் = கணக்கு(1000)
> இரண்டாவது = முடக்கிய_கணக்கு(0)
>
> கணக்குமுடக்கம் எறியும் என்று எதிர்பார்:
>   தொகை_மாற்று(முதல், இரண்டாவது, 300)
>
> முதல்.இருப்பு 1000 ஆக இருக்க வேண்டும்
> இரண்டாவது.இருப்பு 0 ஆக இருக்க வேண்டும்

கடைசி இரண்டு வரிகளை நீக்கிவிட்டுப் பாருங்கள். கழித்துவிட்டு அதன் பிறகு முடக்கத்தைச் சோதிக்கும் நிரலும் பாஸ் ஆகும். எக்ஸெப்ஷன் ஒழுங்காக வந்தது, 300 மட்டும் காற்றில் போய்விட்டது. அந்த இரண்டு வரிகள் இருந்தால் 700 என்று காட்டி டெஸ்ட் சிவப்பாகும்.

இதே மாதிரி பார்க்க வேண்டியவை: திறந்த கோப்பு மூடப்பட்டதா, பூட்டு விடுவிக்கப்பட்டதா, பாதி எழுதிய பதிவு எதுவும் மிஞ்சியிருக்கிறதா, மின்னஞ்சல் தவறுதலாகப் போய்விட்டதா. கடைசியானதற்கு, மின்னஞ்சல் அனுப்பும் பகுதிக்குப் பதில் ஒரு மாக் (டெஸ்டுக்காக அதன் இடத்தில் நிற்கும் போலி) வைத்து, அது ஒருமுறைகூட அழைக்கப்படவில்லை என்று உறுதி செய்யலாம்.

வெளியே நடக்கும் கோளாறை வரவழைப்பது

நெட்வொர்க் அறுந்தால் நமது நிரல் என்ன செய்கிறது என்று பார்க்க, கேபிளைப் பிடுங்க வேண்டியதில்லை. அழைக்கப்படும் பகுதியை மாக் ஆக்கி, அதை எறியச் சொல்லலாம். பைதானின் மாக் நூலகத்தில் சைட்எஃபெக்டுக்கு ஒரு எக்ஸெப்ஷனைக் கொடுத்தால் அழைத்ததும் அதை எறியும். ஜாவாவின் மாக்கிட்டோவில் தென்த்ரோ. எதையும் திருப்பித் தராத மெத்தட் என்றால் டூத்ரோ (doThrow, ஜெஸ்டின் டூத்ரோ வேறு).

மறுமுயற்சி செய்யும் நிரலைச் சோதிக்க இது அருமையான வசதி. சைட்எஃபெக்டுக்கு ஒரு பட்டியலைக் கொடுக்கலாம்: முதல் அழைப்பில் டைம்அவுட், இரண்டாவதிலும் டைம்அவுட், மூன்றாவதில் விடை. ஃபங்ஷன் விடையைத் தருகிறதா, மாக் மூன்று முறை அழைக்கப்பட்டதா என்று இரண்டையும் பாருங்கள். இன்னொரு டெஸ்டில் எல்லா முறையும் டைம்அவுட் கொடுத்து, கடைசியில் அது கைவிட்டு எக்ஸெப்ஷனை வெளியே அனுப்புகிறதா என்று பாருங்கள். முயற்சிகளுக்கு நடுவே நிரல் உறங்கிக் காத்திருந்தால் அந்த உறக்கத்தையும் மாக் ஆக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் டெஸ்ட் ஓட்டுவதே தண்டனை ஆகிவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம். உண்மையான நூலகம் எறியும் அதே வகையை மாக் எறிய வேண்டும். பைதானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் கனெக்ஷன்எர்ரர் என்று ஒன்று இருக்கிறது. பைதானிலேயே பிறந்த கனெக்ஷன்எர்ரரும் ஒன்று இருக்கிறது. பெயர் ஒன்றுதான், வகுப்புகள் வேறு வேறு. நிரலும் மாக்கும் இரண்டுமே பைதானின் சொந்த வகையைப் பயன்படுத்தினால் டெஸ்ட் ஜம்மென்று பாஸ் ஆகும். உண்மையில் நெட்வொர்க் அறும்போது நூலகத்தின் வகை வந்து, பிடிக்க ஆளில்லாமல் நிரல் விழும். மாக்குக்கு எக்ஸெப்ஷன் கொடுக்கும்போது அது எந்த நூலகத்திலிருந்து இறக்குமதி ஆகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்த விஷயத்தில் மாக்கிட்டோ கொஞ்சம் கறார்: மெத்தட் அறிவிக்காத செக்ட் எக்ஸெப்ஷனை எறியச் சொன்னால் செல்லாது என்று மறுத்துவிடும்.

உள்ளே வந்த எக்ஸெப்ஷனைப் பிடித்து உங்கள் சொந்த வகைக்குள் பொதிந்து எறிகிறீர்கள் என்றால், மூலக் காரணம் தொலைந்துபோகவில்லை என்பதையும் சோதியுங்கள். ஜாவாவில் கெட்காஸ், பைதானில் ரெய்ஸ் ஃப்ரம் என்று எறிந்திருந்தால் காஸ் என்ற பண்பு. அது இல்லாமல் லாக் மட்டும் பார்த்துப் பிரச்சினையைத் தேடுவது பெரும்பாடு.

அசிங்க்ரோனஸ் நிரலில் கவனம்

ஜெஸ்டில் ப்ராமிஸ் (பிறகு வரப்போகும் விடைக்கான ஆப்ஜெக்ட்) நிராகரிக்கப்படுவதைச் சோதிக்க ரிஜெக்ட்ஸ் என்ற வசதி உண்டு. அந்த வரிக்கு முன்னால் அவெய்ட் (முடியும்வரை காத்திரு என்ற கட்டளை) போட மறந்தால், ப்ராமிஸ் என்ன ஆனது என்று தெரிவதற்கு முன்பே டெஸ்ட் ஃபங்ஷன் முடிந்து பாஸ் என்று பதிவாகிவிடும். அமைதியாகப் பாஸ் ஆகும் வகைத் தப்பு இது. அவெய்ட் போடுங்கள், அல்லது ப்ராமிஸைத் திருப்பி அனுப்புங்கள். டெஸ்டின் தலையில் "இத்தனை அஸர்ஷன் ஓட வேண்டும்" என்று எக்ஸ்பெக்ட் அஸர்ஷன்ஸில் எண்ணிக்கை கொடுத்து வைப்பதும் நல்ல காப்பு.

பைதானில் இதே மறதி சத்தம் போடும். அவெய்ட் இல்லாமல் கோரூட்டினை (அசிங்க்ரோனஸ் ஃபங்ஷனை) அழைத்தால் அதன் உடம்பு ஓடாது, எக்ஸெப்ஷனும் வராது, ரெய்ஸஸ் தொகுதி "எறியவில்லை" என்று ஃபெயில் ஆகும். சி ஷார்ப்பின் எக்ஸ்யூனிட்டில் த்ரோஸ்அசிங்க் பயன்படுத்துங்கள், அதற்கும் அவெய்ட் உண்டு.

த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை) என்றால் கதை வேறு. இன்னொரு த்ரெட்டில் வெடிக்கும் எக்ஸெப்ஷன் உங்கள் டெஸ்ட் ஓடும் த்ரெட்டுக்குத் தானாக வந்து சேராது. ஃப்யூச்சர் (விடையைப் பிறகு கேட்டு வாங்க உதவும் ஆப்ஜெக்ட்) வழியாக வேலையைக் கொடுங்கள். பைதானில் ரிசல்ட் கேட்கும்போது அந்த எக்ஸெப்ஷன் அப்படியே மீண்டும் எறியப்படும். ஜாவாவில் கெட் கேட்கும்போது எக்ஸிக்யூஷன்எக்ஸெப்ஷனுக்குள் பொதிந்து வரும், உள்ளே பார்க்க வேண்டும்.

எறியக் கூடாத எல்லையும் ஒரு டெஸ்ட்தான்

-1 எறிகிறது என்று எழுதிய கையோடு, 0 எறியவில்லை என்றும் எழுதுங்கள். நிரலில் "0-க்குக் கீழே" என்பது "0 அல்லது கீழே" என்று மாறிப்போவது சகஜமான பிழை. அதை -5 பிடிக்காது, 0 பிடிக்கும். ஜேயூனிட்டில் அஸர்ட்டஸ்நாட்த்ரோ இருக்கிறது. வெறுமனே அழைத்து விடையைச் சரிபார்த்தாலும் அதே வேலை நடந்துவிடும். தப்பான உள்ளீடுகள் நிறைய இருந்தால் பைடெஸ்டின் பேராமெட்ரைஸிலோ ஜேயூனிட்டின் பேராமெட்ரைஸ்டு டெஸ்டிலோ பட்டியலாகக் கொடுங்கள், ஒவ்வொன்றும் தனி டெஸ்டாக ஓடும். ஒரே எதிர்பார்க்கும் தொகுதிக்குள் நான்கு அழைப்புகளை வரிசையாக அடுக்கினால் முதலாவது மட்டும்தான் ஓடும்.

வேண்டுமென்றே உடையுங்கள்

டெஸ்ட் பச்சையானதும் எழுந்து போகாதீர்கள். ஃபங்ஷனுக்குப் போய் எறியும் வரியைக் கமென்ட் ஆக்குங்கள். டெஸ்டை ஓட்டுங்கள். சிவப்பாக வேண்டும். வரும் செய்தியையும் படியுங்கள்: பைடெஸ்ட் என்றால் எதிர்பார்த்த வகை எறியப்படவில்லை என்று சொல்லும். வேறு ஏதாவது சொன்னால் உங்கள் டெஸ்ட் வேறு எதையோ சோதித்துக்கொண்டிருக்கிறது. பிறகு வரியைத் திரும்பக் கொண்டுவந்து, வேறு வகை எக்ஸெப்ஷனை எறிய வைத்து இன்னொருமுறை ஓட்டுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் பழையபடி வையுங்கள். மேலே பார்த்த "- 5" டெஸ்ட் இந்தச் சோதனையின் முதல் சுற்றிலேயே மாட்டியிருக்கும்.

இந்த உடைத்துப் பார்க்கும் வேலையைத் தானாகச் செய்யும் கருவிகளும் உண்டு, மியூட்டேஷன் டெஸ்டிங் என்பார்கள். ஜாவாவுக்கு பிட், பைதானுக்கு மியூட்மட், ஜாவாஸ்கிரிப்டுக்கு ஸ்ட்ரைக்கர். நேரம் எடுக்கும் என்பதால் முக்கியமான பகுதிகளுக்கு மட்டும் ஓட்டினால் போதும். கவரேஜ் சதவீதத்தை இதற்கு மாற்றாக எண்ண வேண்டாம். ஒரு வரி ஓடியதா என்பதை மட்டும்தான் கவரேஜ் சொல்லும், ஓடியதை யாராவது சரிபார்த்தார்களா என்று சொல்லாது.

ஏற்கெனவே டெஸ்ட்கள் குவிந்து கிடக்கும் நிரலுக்குள் புதிதாக நுழைகிறீர்கள் என்றால், டெஸ்ட் கோப்புகளில் மட்டும் கேட்ச் அல்லது எக்ஸெப்ட் என்று தேடுங்கள். உள்ளே அஸர்ஷனும் இல்லாமல், மேலே ஃபெயில் வரியும் இல்லாமல் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, பிடிக்கும் பகுதியை நீக்கிவிட்டு ஓட்டுங்கள். பச்சையாகவே இருந்தால் அப்படியே கமிட் செய்யலாம். சிவப்பானால் உடனே திருத்தக் கை வைக்காமல், அந்த எக்ஸெப்ஷன் வர வேண்டியதுதானா என்று நிரலை எழுதியவரிடம் கேளுங்கள். வர வேண்டியது என்றால் அதை எதிர்பார்க்கும் டெஸ்டாக மாற்றுங்கள். வரக் கூடாதது என்றால் பக் பதிவு செய்து, அதன் திருத்தத்தைத் தனி கமிட்டாகப் போடுங்கள்.